நடக்கும் மரங்கள்

“லு புன்யா பினி மானா?” உன் மனைவி எங்கே என்று அந்த அம்மாள் கேட்டு ஆறு வாரம் ஆகிறது. கேள்வியில் ஒன்றுமில்லை. சந்தை மலாயில், குடையிலிருந்து தண்ணீரை உதறிக்கொண்டே, சிரிக்காமல் கேட்டார். ஜோகூர் பாருவில் நாங்கள் போகும் கத்தோலிக்கக் கோவிலில் தமிழ்ப் பூசை முடிந்து மெண்டரின் பூசை தொடங்க அரை மணி நேரம் இடைவெளி உண்டு. அந்த அரை மணிக்குத் தாழ்வாரம் இரண்டு கூட்டத்துக்கும் பொது. நாங்கள் வெளியே வருவோம், அவர்கள் உள்ளே போவார்கள். மல்லிகை வாசனையும் தைல வாசனையும் வாசற்படியில் கலந்து பிரியும். தீர்த்தத் தொட்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு கைகள் நீளும். ஒரு கை ஒதுங்கி வழிவிடும். தலைகள் லேசாக அசையும். பதினெட்டு வருடமாக இப்படித்தான். அன்று மழை பிடித்துக்கொண்டது. கார் வரை ஓட மனமில்லாமல் தூணோரம் நின்றிருந்தேன். அப்போதுதான் கேட்டார். ‘சாக்கிட் லுத்துட்’ என்றேன், முட்டிவலி. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறாள் என்று சொல்ல என் மலாய் போதும். சொல்லத் தோன்றவில்லை. அவர் குனிந்து தன் முட்டியை ஒருமுறை தட்டிக் காட்டிவிட்டு, ‘தீகா மிங்கு’ என்றார். மூன்று வாரம். என் மனைவி வராத ஞாயிறுகளை அவர் எண்ணி வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி, “யாரு கேட்டது?” என்றாள். “ஒரு சீனக் கிழவி” என்றேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அந்த ‘ஒரு’ எனக்கே உறைத்தது. “எந்தக் கிழவி? பச்சைக் குடையா? பின்னல் கொண்டை போட்டிருப்பாங்களே?” எனக்குத் தெரியவில்லை. குடை நினைவிருந்தது, நிறம் நினைவில்லை. அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக் கொல்லையிலிருந்து கறிவேப்பிலை கொண்டுபோய் அவரிடம் கொடுத்திருக்கிறாள். அவர் பண்டான் இலைக் கட்டு கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டுச் சோற்றில் மாதக்கணக்காக மணந்துகொண்டிருந்த பண்டான் அவருடையது. “நீங்க எப்ப யாரைக் கண்டுக்கிட்டிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு அவள் முட்டிக்கு ஒத்தடம் போடப் போய்விட்டாள். கண்டுக்கிறது என்ற சொல் அன்றிரவு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. காண்பது வேறு, கண்டுகொள்வது வேறு என்பது தமிழில் பிறந்த எவருக்கும் தெரியும். பார்த்தும் பாராமல் போனவனைப் பற்றி ‘கண்டுக்கவே இல்லை’ என்கிறோம். அவன் கண்ணில் பழுது என்று அதற்குப் பொருள் இல்லை. கண்டதைத் தனக்குள் கொள்ளவில்லை. அந்தக் ‘கொள்’ எங்கே போயிற்று என்பதுதான் என் தொல்லை. பதினெட்டு வருடம் என்றால் ஏறக்குறைய தொள்ளாயிரம் ஞாயிறு. தொள்ளாயிரம் முறை நான் அவரைக் கண்டிருக்கிறேன்.

மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் பெத்சாய்தா ஊரில் ஒரு பார்வையற்றவனைக் கொண்டுவருகிறார்கள். இயேசு அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போகிறார். கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். தாம் செய்த காரியம் பலித்ததா என்று அவர் கேட்கும் இடம் வேறு எதுவும் எனக்கு நினைவில் இல்லை. அவன் ஏறிட்டுப் பார்த்து, மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் மரங்கள் நடப்பதுபோலத் தெரிகிறார்கள் என்கிறான். மறுபடியும் கை வைத்த பிறகே எல்லாம் தெளிவாகிறது. இந்தக் கதை மாற்கில் மட்டும்தான் உண்டு. ஒரே தொடுதலில் முடியாமல்போன குணமாக்கலை எழுத மற்றவர்களுக்குக் கூச்சமாக இருந்ததோ என்னவோ. பிரசங்கங்களில் இதை விசுவாசம் படிப்படியாக வளர்வதாகச் சொல்வார்கள். எனக்கு இப்போது அந்த மனிதன் சொன்ன பதிலே பெரிதாகப்படுகிறது. அவன் ‘தெரிகிறது’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். இருட்டுக்குள் இருந்தவனுக்கு வெளிச்சமும் அசைவும் கிடைத்துவிட்டன. யார்மேலும் முட்டிக்கொள்ளாமல் தெருவைக் கடக்கலாம், கடைக்குப் போகலாம், பிழைத்துக்கொள்ளலாம். அந்த அளவுப் பார்வையோடு இந்த நாட்டில் நாங்கள் நன்றாகவே பிழைத்திருக்கிறோம். எதிரே வருபவரிடம் எந்த மொழியில் வாயைத் திறப்பது, என்ன சாப்பாட்டை நீட்டக் கூடாது, எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று ஐந்து நொடியில் கணித்துவிடுவோம். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறோம். அது ஒரு திறமை, பல சண்டைகளைத் தவிர்த்த திறமை. ஆனால் மரம் பார்க்கிற பார்வைதான் அது.

மரம் என்று எழுதியதும் அப்பா எழுந்து வந்து நிற்கிறார். லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கோடு தன் நிரைக்குள் இறங்குவார். அவருடைய பங்கு நானூறு மரத்துக்கு மேல். பள்ளி விடுமுறையில் பால் பிடிக்கும் மங்கைத் துடைக்க நானும் கூடப் போவேன். எனக்கு எல்லாம் ஒரே மரம். ஒரே சாம்பல் பட்டை, ஒரே சாய்வான கோடு, ஒரே கொசு. அவருக்கு அப்படியில்லை. இது மழை நாளில் பாலை வழியவிடும், இதற்குப் போன வருடம் உளி ஆழமாகப் பட்டுவிட்டது, இது பட்டை காய்ந்துபோனது, சும்மா விடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். மரங்களுக்கு அவர் பெயர் வைத்ததில்லை. கையை வைத்ததுமே இன்னது என்று தெரிந்துவிடும். தினமும் ஒவ்வொன்றையும் தொட்டவர் அவர். ஆகவே மனிதர்கள் மரங்களைப்போலத் தெரிந்தார்கள் என்று அப்பாவிடம் வாசித்துக் காட்டினால் அதில் என்ன குறை என்று கேட்டிருப்பார். ஆனால் அதே அப்பாவுக்கு, அரிசியும் மண்ணெண்ணெயும் கடன் கொடுத்த கடைக்காரர் கடைசிவரை ‘தவுக்கே’தான். சம்பளச் சீட்டுப் போட்ட மலையாளி கடைசிவரை ‘கிராணி’. வேலிக்கு அப்பால் கம்பத்திலிருந்து பலாப்பழம் கொண்டுவந்த மலாய்க்காரர் ‘பா சீக்’. எல்லாரையும் மரியாதையாகத்தான் விளித்தார். நானூறு மரத்தைத் தனித்தனியாக அறிந்த மனிதரின் உலகத்தில் மனிதர்கள் ஐந்தாறு வகைதான் இருந்தார்கள். இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. தோட்டம் அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. துரை பங்களா மேட்டில், கிராணி வீடு நடுவில், தொழிலாளர் லயம் பள்ளத்தில். யார் எதைப் பார்க்க வேண்டும் என்பதை நிலத்தின் மேடுபள்ளமே முடிவுசெய்தது.

கோவிலில் அப்படி மேடுபள்ளம் இல்லை. ஆனால் கடிகாரம் இருக்கிறது. ஆங்கிலப் பூசை ஒரு நேரம், தமிழ் ஒரு நேரம், மெண்டரின் ஒரு நேரம், மலாய் ஒரு நேரம். மலாய்ப் பூசைக்கு வருபவர்கள் பெரும்பாலும் சரவாக்கின் இபான்கள், சபாவின் கடசான்கள்; பாசிர் கூடாங் பக்கத்துக் கப்பல் பட்டறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்கு வந்தவர்கள். நான்கு பூசைகளில் கூரை அதிரப் பாடுவது அவர்கள்தான். இங்குள்ள மெதடிஸ்ட் திருச்சபையில் இந்தப் பிரிவு நிர்வாகமாகவே இருக்கிறது: தமிழுக்கு ஓர் ஆண்டு மாநாடு, சீனத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. இதைத் தப்பு என்று சொல்ல வாயெடுத்தால் எனக்கே நாக்கு எழவில்லை. அம்மா சாகக் கிடந்தபோது தெரிந்த மூன்று மொழிகளில் இரண்டு உதிர்ந்து, தமிழ் மட்டும் நின்றது. என் பிள்ளைகள் ஏற்கெனவே ஆங்கிலப் பூசைக்குப் போகிறார்கள். தமிழ்ப் பூசையையும் எடுத்துவிட்டால், எழுபது வயது அத்தையை வாரம் ஒருமுறை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் வேறு இடம் கிடையாது. திருவிழாவுக்கு நான்கு மொழியும் சேர்ந்த பூசை வைப்பார்கள். முதல் வாசகம் ஒரு மொழி, மன்றாட்டு ஒரு மொழி. எல்லாரும் தத்தம் முறைக்குக் காத்திருப்போம். எல்லாருக்கும் கால்வாசி புரியும் பூசை அது. பெந்தகோஸ்து நாளில் ஆவியானவர் எல்லாருக்கும் ஒரே மொழியைக் கொடுத்துவிடவில்லையே, அவரவர் காதில் அவரவர் மொழிதானே விழுந்தது என்று எனக்கு நானே வாதாடுவேன். ஆனால் அதே அப்போஸ்தலர் பணி நூலில் நான்கு அதிகாரம் தள்ளிப் போனால் திருச்சபையின் முதல் உட்சண்டை வருகிறது. அது கொள்கைச் சண்டை இல்லை, பந்திச் சண்டை. கிரேக்கம் பேசும் விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் கண்டுகொள்ளப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுகிறது. அதற்காக ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். முணுமுணுத்தவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள் போலும். அவரவர் மொழியில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான், பக்கத்து இலையில் சோறு விழாததைக் காணாமல் இருந்திருக்கிறார்கள்.

கோவிலுக்குள் ஆட்களைப் பிரிக்கும் சுவரைப் பற்றி நினைத்தால் என் மனம் ஜோகூரில் நிற்பதில்லை, திருநெல்வேலிச் சீமைக்கு ஓடிவிடுகிறது. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்கக் கோவிலைப் பற்றி ஆ. சிவசுப்பிரமணியன் போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். விரித்துப் போட்ட கால்சட்டைபோல இரண்டு கிளை, நடுவில் தடுப்பு, இரண்டும் சேரும் இடத்தில் ஒரே பீடம். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். இரு தரப்பும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 1910இல் தடுப்பை இடித்தார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போய், தடுப்பைக் கேட்டவர்கள் தோற்றார்கள். கடவுளை எல்லாருக்கும் காட்டி மனிதனை மறைக்க ஒரு கொத்தனார் எப்படிக் கணக்குப் போட்டிருப்பார் என்று யோசித்து யோசித்து வியந்திருக்கிறேன். எங்கள் தாழ்வாரத்து அரை மணி நேரத்தை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லை. மொழி பிரிப்பது வேறு, சாதி பிரிப்பது வேறு. ஒன்றில் நான் என் வீட்டுக்குள் போகிறேன், மற்றதில் இன்னொருவனை வெளியே நிறுத்துகிறேன். அப்படிச் சொல்லித் தப்பித்துவிடத்தான் பார்த்தேன். ஆனால் தமிழ்ப் பூசை முடிந்து பின்கூடத்தில் வடையும் தேத்தண்ணியும் ஓடும்போது காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. “ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?” மூன்று தலைமுறையாக அந்த ஊரைப் பார்த்தே இராதவர்கள் கேட்பார்கள். பக்கம் என்றால் திசை இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தன் மகனுக்குப் பல்கலைக்கழக இடம் இனத்தைப் பார்த்து மறுக்கப்பட்டதாகக் கண்கலங்கிச் சொன்ன ஒருவர், அதே கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் அந்தக் கேள்வியைக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். நானும் கேட்டிருக்கிறேன், தங்கை மகளுக்கு வரன் தேடியபோது. பதிலைக் கேட்டுக்கொண்டு பேச்சை மெல்ல வேறுபக்கம் திருப்பியிருக்கிறேன். வடக்கன்குளத்துத் தடுப்பு இடிந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. அதன் செங்கல்லில் ஒன்றிரண்டைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த வகையில் என் குடும்பமும் உண்டு.

சொற்களைத் தோண்டினால் இது இன்னும் சிக்கலாகிறது. அம்மா மெதடிஸ்ட் வீட்டிலிருந்து வந்தவர். அவருடைய பழைய வேதாகமத்தில், உலகத்து மக்களுக்கெல்லாம் போய் அறிவியுங்கள் என்று உயிர்த்த இயேசு சொல்லும் இடத்தில் ‘ஜாதிகள்’ என்றுதான் இருக்கும். யூதரல்லாதவர் ‘புறஜாதியார்’. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அது ‘மக்களினத்தார்’, ‘பிற இனத்தார்’ ஆனது. நல்ல திருத்தம்தான். ஆனால் சிறுவயதில் அம்மா வாசிக்கக் கேட்டபோது, அந்த ‘ஜாதிகள்’ லயத்து ஜாதிகள் என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொரு லயமாகப் போய்ச் சொல்லச் சொல்கிறார் என்று. இப்போது யோசித்தால் அந்தத் தப்பான புரிதல் அவ்வளவு தப்பில்லை. மலாயில் இனத்துக்கு ‘பங்சா’. அது நம் காதுக்குப் பழகிய வம்சம்தான், சமஸ்கிருதத்திலிருந்து கடல் கடந்து போனது. சமஸ்கிருதத்தில் வம்சம் என்றால் மூங்கில் என்றும் பொருள் உண்டு; ஒரு கிழங்கிலிருந்து கிளைத்து ஒன்றோடொன்று உரசி நிற்கும் புதர். முகத்துக்கு மலாயில் ‘முக்கா’. பெயருக்கு ‘நாமா’. முகமும் நாமமும் வம்சமும் இரண்டு மொழிக்கும் பொதுவாக இருக்கின்றன. ஆனால் பல படிவங்களில் நாமா கேட்பார்கள், அடுத்து பங்சா: மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின். மலாய்ப் பூசையில் கூரை அதிரப் பாடும் இபான் இளைஞன் இங்கே வந்து ‘லாயின்-லாயின்’ ஆகிறான், அதாவது இதர. ஒருவனைத் தன் நாட்டிலேயே ‘முதலியன’ என்று அழைப்பது போன்றது அது. இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு சொல்லும் ஜோகூரில் உண்டு. சுல்தான் இப்ராகிம் அடிக்கடி சொல்லும் ‘பங்சா ஜோகூர்’. இந்த மண்ணில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே பங்சா என்ற பொருளில். கேட்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனாலும் பெரிய புதருக்குள் சேர்த்துவிட்டால் ஒருவன் முகம் தெரிந்துவிடுமா என்ற சந்தேகம் போகவில்லை. சிறிய கட்டத்திலும் காணாமல் போகலாம், பெரிய கட்டத்திலும் காணாமல் போகலாம்.

கறிவேப்பிலையோடுதான் அடுத்த ஞாயிறு போனேன், மனைவியின் கட்டளை. பச்சைக் குடை, பின்னல் கொண்டை, இடது புருவத்தில் சின்னத் தழும்பு. பேச்சு சந்தை மலாயில் திக்கித் திக்கி நடந்தது. மெண்டரின் அவருடைய மொழி இல்லையாம். தியோச்சூ. பூசை புரியுமா என்றேன். கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், பாதி. செபம் மட்டும் மனசுக்குள் தியோச்சூவில். எனக்கு வெட்கமாக இருந்தது. ‘அவர்கள்’ தங்கள் மொழிக்குள் வசதியாக நுழைகிறார்கள் என்று பதினெட்டு வருடம் நினைத்திருந்தேன். இந்த மாநிலத்திலேயே பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஜாலான் துருஸ் பழைய சீனக் கோவிலில் ஐந்து தெய்வங்கள். தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கண்டனீஸ், ஹைனானீஸ் என்று ஐந்து கூட்டத்தார் ஆளுக்கொரு தெய்வத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். சீனப் புத்தாண்டு மாதத்தில் சிங்கே ஊர்வலத்துக்கு ஐந்தும் ஒன்றாகத் தெருவில் இறங்கும். தூக்குபவர்கள் மட்டும் அவரவர். சிறுவயதில் அப்பா தோளிலிருந்து அந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் எனக்குத் தெரிந்தது ‘சீனர்கள்’ மட்டும்தான். எங்களை ஒருவர் ‘கெலிங்’ என்று இழிவாக அழைத்தால் இரண்டு நாள் சோறு இறங்காது. ஆனால் எங்கள் குடியிருப்பு வாசலில் ஆறு வருடம் காவல் நின்ற வங்கதேசத்துப் பையனை நான் ‘பங்ளா’ என்றுதான் கூப்பிட்டேன். அவனும் திரும்பிப் பார்த்தான், எனவே அது அவன் பெயர் என்றே ஆகிவிட்டது. பெத்சாய்தா கதைக்கு முந்தைய அதிகாரத்தில், மகளுக்காகக் கெஞ்சிவந்த பிற இனத்துப் பெண்ணிடம் இயேசுவே கடினமாகப் பேசுகிறார். பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடலாகாது என்கிற இடம். அதை மென்மையாக்க விளக்கவுரைகள் படாதபாடு படுகின்றன. எனக்கு அது மென்மையாக வேண்டாம். அவள் சுருண்டு போகாமல், மேசைக்குக் கீழே விழும் துணுக்கைச் சொல்லி மறுமொழி தருகிறாள். அந்தச் சொல்லுக்காகவே அவர் இணங்குகிறார். எதிரே நிற்பவர் வாய்திறந்து நம்மைத் திருத்த இடம் கொடுப்பது கண்டுகொள்வதில் பாதியோ என்று இப்போது தோன்றுகிறது. காவலுக்கு நின்ற பையனுக்கு அந்த இடத்தை நான் கொடுக்கவில்லை. அவன் ஊர் திரும்பிவிட்டான்.

நான்காவது ஞாயிறுதான் பெயரைக் கேட்டேன். அதற்குமுன் கேட்க முடியாமல் போனதற்குக் காரணம் கூச்சம்தான். பதினெட்டு வருடம் கழித்துப் பெயர் கேட்பது, இத்தனை காலம் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வது, கிட்டத்தட்டப் பாவசங்கீர்த்தனம். ‘முக்கா கெனால், நாமா தாக் தாவு’ என்று சொல்லிச் சமாளித்தேன், முகம் தெரியும், பெயர் தெரியாது என்று. முகம் தெரியும் என்பதும் அரைப்பொய். சொன்னார். மூன்று அசை. திருப்பிச் சொன்னேன். தலையை ஆட்டி மறுபடி சொன்னார். நான் மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை சிரித்துவிட்டு, ‘மேரி லா, சேனாங்’ என்றார். மேரி என்று சொல், சுலபம். அது திருமுழுக்குப் பெயர். என் அம்மாவின் பெயரும் மேரிதான். ஒரு நொடி நெகிழ்ந்துதான் போனேன், திருச்சபை எங்களுக்கு ஒரு பொதுப்பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறதே என்று. காரில் திரும்பும்போது அந்த நெகிழ்ச்சியின்மேல் சந்தேகம் வந்தது. என் நாக்குக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அவர் தன் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு எனக்கு வழிவிட்டார். தீர்த்தத் தொட்டியில் ஒதுங்கும் கையைப்போல. மூன்று அசையையும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அது அவருடையது என்பது ஒரு காரணம். நம் எழுத்தில் அந்த ஏற்ற இறக்கத்துக்குக் குறி இல்லை என்பது இன்னொன்று; குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் இருந்தும், குரல் ஒரு படி ஏறி இறங்கும் இடத்தைக் காட்ட நம்மிடம் ஒன்றுமில்லை. போன ஞாயிறு மனைவி ஊன்றுகோலோடு வந்துவிட்டாள். இருவரும் ஒருவர் முட்டியை ஒருவர் தொட்டுப் பார்த்து என்னென்னவோ பேசிக்கொண்டார்கள். என் முறை வந்தபோது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு புரிந்து, தொட்டியின் விளிம்பில் விரலால் மூன்று தட்டுத் தட்டினார், கடைசித் தட்டை மேலே தூக்கி. உள்ளே அவர்கள் பூசைக்கு மணி அடித்துவிட்டது. குடையை மடக்கிக்கொண்டே, மூன்றில் இரண்டு சரி என்றார்.